இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள், இரண்டு ஒப்பந்தங்கள்: டல்லாஸ் கௌபாய்ஸ், 2009–2014

2012 மார்ச் 12, திங்கட்கிழமை. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் மறுநாள் மாலை நாலு மணிக்கு வீரர் சந்தை திறக்கப்போகிறது. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அதற்குப் பிறகு எந்த அணியோடும் கையெழுத்துப் போடலாம். ஒவ்வொரு அணி அலுவலகத்திலும் யாரை வாங்கலாம், யாரை விடலாம் என்று கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து லீக் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. வாஷிங்டன் அணியின் சம்பள வரம்பில் 3.6 கோடி டாலர் வெட்டு. டல்லாஸ் கௌபாய்ஸ் அணிக்கு 1 கோடி டாலர் வெட்டு. இரண்டு வருடத்தில் பிரித்துக் கழிக்க வேண்டும்.

டல்லாஸ் அப்படி என்ன தப்பு செய்தது? 2010-ல் மைல்ஸ் ஆஸ்டின் என்ற ரிசீவருக்குப் போட்ட ஒப்பந்தம்தான் காரணம்.

அதே வாரத்தில் டல்லாஸ் இன்னொரு ரிசீவரைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெயர் லாரன்ட் ராபின்சன். முந்தைய சீசனில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து, அணியிலேயே அதிக டச்டவுன் பிடித்தவர். அவருடைய ஒரு வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மறுபடி கையெழுத்து வாங்கலாமா, வேண்டாமா?

ஆஸ்டினும் ஒரு காலத்தில் மாற்று ஆட்டக்காரர்தான். அவருக்கு அள்ளிக் கொடுத்தார்கள். ராபின்சனை விட்டுவிட்டார்கள். இன்றைக்குப் பின்னோக்கிப் பார்க்கிற பலரும் "முதல் முடிவு முட்டாள்தனம், இரண்டாவது புத்திசாலித்தனம்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு முடிவின் நிழலில்தான் இன்னொரு முடிவு எடுக்கப்பட்டது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். தெரியாதவர்களுக்காக மட்டும்.

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். ரிசீவர் ஓடிப்போய் பிடிப்பார். எல்லைக்கோட்டைத் தாண்டிய இடத்தில் பந்து கையில் இருந்தால் டச்டவுன், 6 புள்ளி. ஒரு அணியில் முதல் ரிசீவர், இரண்டாம் ரிசீவர், மூன்றாம் ரிசீவர் என்று ஒரு வரிசை உண்டு. எதிரணி தன்னுடைய சிறந்த தடுப்பாளரை முதல் ரிசீவர் மேல் விடும். அப்படியே இறங்கி வந்தால் மூன்றாம் ரிசீவரைப் பார்த்துக்கொள்ள எதிரணியின் மூன்றாம் தரத் தடுப்பாளர்தான் மிச்சம் இருப்பார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது சம்பள வரம்பு. ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் இவ்வளவுதான் பர்ஸ் என்று வைப்பார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. 2012-ல் என்எஃப்எல் அணி ஒவ்வொன்றுக்கும் வரம்பு 12.06 கோடி டாலர். அதற்குள் 53 பேர் கொண்ட அணியை நடத்த வேண்டும். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரர் என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். பேப்பரில் வருகிற ஒப்பந்தத் தொகையை அப்படியே நம்பக் கூடாது. "ஐந்து வருடம், இத்தனை கோடி" என்பார்கள். அதில் அணி கட்டாயம் கொடுத்தாக வேண்டிய உறுதித்தொகை ஒரு பகுதிதான். மீதி, வீரர் அணியில் நீடித்தால் மட்டும். நடுவிலே கழற்றிவிட்டால் அந்த மீதி காற்றோடு போச்சு. ஆனால் முன்பணமாகக் கொடுத்ததில் கணக்கில் ஏறாத பாக்கி இருந்தால், வீரர் போன பிறகும் அது அணியின் வரம்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் ஆள்: மைல்ஸ் ஆஸ்டின்

ஆஸ்டின் நியூ ஜெர்சியில் மான்மவுத் என்ற சின்ன பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2006 டிராஃப்ட்டில் 32 அணிகளில் ஒன்றுகூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. டல்லாஸ் சும்மா கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. முதல் சீசனில் ஒரு கேட்ச் கூடக் கிடையாது. பந்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஓடுகிற வேலைதான். 2007 ஜனவரியில் சியாட்டில் அணிக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில் அப்படி 93 யார்டு ஓடி ஒரு டச்டவுன் போட்டார். அடுத்த இரண்டு சீசனிலும் சேர்த்து 18 கேட்ச். மூணு வருஷம் இப்படியே பெஞ்சில் போனது.

அந்தப் பெஞ்சுக்கு மேலே யார் இருந்தார்? ராய் வில்லியம்ஸ். 2008 அக்டோபரில் டெட்ராய்ட் அணியிடமிருந்து அவரை வாங்க, அடுத்த ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு உட்பட மூன்று வாய்ப்புகளை டல்லாஸ் கொடுத்தது. கூடவே 4.5 கோடி டாலர் மதிப்பில் ஐந்து வருட நீட்டிப்பு. விலை கொடுத்து வாங்கிய நட்சத்திரம் இருக்கும்போது, யாரும் எடுக்காத பையனை எதுக்கு ஆடவிடணும்?

2009 அக்டோபர் தொடக்கத்தில் டென்வர் ஆட்டத்தில் வில்லியம்ஸுக்கு விலாவில் அடி. அடுத்த வாரம், அக்டோபர் 11, கன்சாஸ் சிட்டியில் ஆஸ்டின் முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். 10 கேட்ச், 250 யார்டு, 2 டச்டவுன். கூடுதல் நேரத்தில் 60 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்தவரும் அவரே. 26–20. 1966-ல் பாப் ஹேய்ஸ் வைத்த 246 யார்டு என்ற அணிச் சாதனை அன்றைக்கு உடைந்தது. ஹேய்ஸ் யார் என்றால், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர். அவருடைய சாதனையைத்தான் இந்தப் பெஞ்ச் பையன் முதல் வாய்ப்பிலேயே தாண்டினார்.

ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று சொல்லவும் முடியாது. சீசன் முடியும்போது 81 கேட்ச், 1,320 யார்டு, 11 டச்டவுன். இத்தனைக்கும் முதல் சில ஆட்டங்களில் அவர் பெஞ்சில் இருந்தவர்.

விதிகள் இல்லாத வருடம்

இப்போது முடிவெடுக்க வேண்டிய நேரம். இங்கேதான் வரலாறு வந்து குறுக்கே நிற்கிறது.

தொழிலாளர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்திலிருந்து முன்கூட்டியே விலகுவதாக அணி முதலாளிகள் 2008-லேயே அறிவித்துவிட்டார்கள். பழைய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: புது உடன்பாடு வராவிட்டால் கடைசி வருடத்தில், அதாவது 2010-ல், சம்பள வரம்பே கிடையாது. வீரர்களுக்குக் கொண்டாட்டம் போலத் தெரியும். ஆனால் அதே ஷரத்தில் இன்னொரு பக்கம் இருந்தது. சாதாரணமாக நான்கு வருடம் ஆடியவர் ஒப்பந்தம் முடிந்தால் சுதந்திரப் பறவை. வரம்பு இல்லாத வருடத்தில் மட்டும் அது ஆறு வருடம். ஆஸ்டின் ஆடியது நாலு வருடம். ஆக, வேறு எந்த வருடமாக இருந்தாலும் சந்தைக்குப் போயிருக்கக்கூடிய ஆள், 2010-ல் மாட்டிக்கொண்டார்.

டல்லாஸ் அவருக்கு ஒரு வருடத்துக்குச் சுமார் 31.7 லட்சம் டாலர் என்று உச்ச டெண்டரைப் போட்டது. வேறு அணி தூக்க நினைத்தால் முதல் சுற்று, மூன்றாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளை டல்லாஸுக்குக் கொடுத்தாக வேண்டும். யாரும் வரவில்லை.

அப்படியே விட்டிருந்தால் ஆஸ்டின் அந்த வருடத்தை அந்தச் சம்பளத்தில்தான் ஆடியிருக்க வேண்டும். டல்லாஸ் அவசரப்பட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் வரம்பில்லாத வருடம் அணிக்கும் ஒரு வாய்ப்பு. இந்த வருடம் எவ்வளவு கொடுத்தாலும் கணக்கு இல்லையே! 2010 செப்டம்பரில் ஆறு வருட நீட்டிப்பு, 5.4 கோடி டாலர். அதில் சுமார் 1.7 கோடியை 2010-க்கான சம்பளமாகவே தூக்கிப் போட்டார்கள். பின்னால் வரம்பு திரும்பி வரும்போது, பெரிய பணம் ஏற்கெனவே கொடுத்து முடிந்திருக்கும். தீபாவளிக்கு முதல் நாளே கடனை அடைத்துவிட்டு நிம்மதியாகப் பண்டிகை கொண்டாடுகிற மாதிரி.

விதியில் தடை இல்லை. லீக் அலுவலகமும் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்து அனுமதித்தது. ஆனால் "வரம்பில்லாத வருடத்தைப் பயன்படுத்தி இப்படிச் செய்யாதீர்கள்" என்று அணிகளை முன்பே எச்சரித்திருந்ததாக லீக் பின்னால் சொன்னது. அந்த எச்சரிக்கைக்கான தண்டனைதான் 2012 மார்ச்சில் வந்த 1 கோடி. வெட்டிய பணத்தை மற்ற 28 அணிகளுக்குத் தலா 16 லட்சம் டாலர் வரம்பாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதாவது டல்லாஸின் நேரடிப் போட்டி அணிகளான நியூயார்க் ஜெயன்ட்ஸுக்கும் பிலடெல்பியாவுக்கும் அதில் பங்கு போனது. டல்லாஸும் வாஷிங்டனும் முறையிட்டன. நடுவர் ஸ்டீபன் பர்பாங்க் அதே மே மாதம் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

இரண்டாம் ஆள்: லாரன்ட் ராபின்சன்

ராபின்சனின் கதை வேறு மாதிரி. இவரை யாரும் எடுக்காமல் விடவில்லை. 2007-ல் அட்லாண்டா மூன்றாம் சுற்றிலேயே எடுத்தது. இவருக்குப் பிரச்சினை உடம்புதான். 2009-ல் செயின்ட் லூயிஸுக்கு மாறினார். நன்றாகத் தொடங்கி மூன்றாவது ஆட்டத்திலேயே காலில் முறிவு. சீசன் முடிந்தது. முதல் நாலு வருடத்தில் மொத்தம் 4 டச்டவுன். 2011-ல் சான் டியேகோ சேர்த்துக்கொண்டு, சீசன் தொடங்கும் முன்பே விட்டுவிட்டது. டல்லாஸ் செப்டம்பரில் கூப்பிட்டு, சில நாளில் கழற்றிவிட்டு, மறுபடி கூப்பிட்டது.

ஏன் மறுபடி கூப்பிட்டது? ஆஸ்டினுக்குத் தொடையின் பின்பக்கத் தசையில் காயம். ஹாம்ஸ்ட்ரிங். 5.4 கோடி ஒப்பந்தம் போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது. 2010-ல் 1,041 யார்டு எடுத்து ஒப்பந்தத்துக்கு நியாயம் செய்த ஆஸ்டின், 2011-ல் 10 ஆட்டம் மட்டுமே ஆடினார், 579 யார்டு. அவர் இல்லாத இடத்தில்தான் ராபின்சன் நுழைந்தார். ராய் வில்லியம்ஸின் காயத்தில் ஆஸ்டினுக்குக் கதவு திறந்தது. ஆஸ்டினின் காயத்தில் ராபின்சனுக்குத் திறந்தது.

ராபின்சன் அந்த சீசனில் 54 கேட்ச், 858 யார்டு, 11 டச்டவுன் எடுத்தார். குவார்ட்டர்பேக் டோனி ரோமோ அந்த வருடம் எறிந்த 31 டச்டவுனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவர் கையில் விழுந்தது. நவம்பர் 24, நன்றி நவிலும் நாள் ஆட்டத்தில் மயாமியை 20–19 என்று வென்றபோது டல்லாஸின் இரண்டு டச்டவுனும் ராபின்சனுடையவை. இத்தனையும் அனுபவ வீரர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளத்தில்.

இப்படி ஒரு ஆள் கிடைத்தால் ரசிகர்கள் விடுவார்களா? "எப்படியாவது வச்சுக்கோங்க" என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்க டல்லாஸ் ரசிகர்களின் பேச்சு. அணி நிர்வாகமும் அவரை வைத்துக்கொள்ள விரும்புவதாகத்தான் பேசியது.

எண்களைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தால்

54 கேட்சுக்கு 11 டச்டவுன். ஐந்து கேட்சுக்கு ஒன்று. இது எவ்வளவு அபூர்வம் என்று தெரிய ஒரு ஒப்பீடு. இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய ரிசீவராகப் பலரும் ஒப்புக்கொள்கிற ஜெர்ரி ரைஸ், வாழ்நாளில் 1,549 கேட்சுக்கு 197 டச்டவுன் எடுத்தார். எட்டு கேட்சுக்கு ஒன்று. ஆஸ்டின் தன்னுடைய உச்ச வருடத்திலேயே ஏழுக்கு ஒன்றுதான். ரைஸை விட ராபின்சன் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியானால் அந்த எண்ணில் ஆட்டக்காரரின் திறமைக்கு மேல் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

என்ன கலந்திருக்கிறது? ஒரு பக்கம் டெஸ் பிரையன்ட், 2010 டிராஃப்ட்டின் முதல் சுற்று ரிசீவர். நடுவில் ஜேசன் விட்டன், லீகின் சிறந்த டைட் எண்ட்களில் ஒருவர். எதிரணியின் நல்ல தடுப்பாளர்கள் எல்லாம் அவர்களைச் சுற்றி. எறிபவர் ரோமோ, ஆட்டம் கலைந்துபோனாலும் ஓடி ஒளிந்து ஆளைத் தேடிப் பிடித்து எறிகிறவர். தடுப்பாளர் அசந்த நேரத்தில் காலி இடத்தைக் கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் ராபின்சனுக்கு இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலி இடம் மற்றவர்களால் உண்டானது. அவர் ஊர் மாறினால் சாமர்த்தியம் கூட வரும், காலி இடம் வராது.

மாற்று ஆட்டக்காரர் ஒருவர் திடீரென்று ஜொலிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். "இவர் நல்ல ஆட்டக்காரரா?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஆமாம்தான். "இந்த வெற்றியில் எவ்வளவு அவர் பெட்டியில் ஏறும், எவ்வளவு நம்ம வீட்டிலேயே தங்கும்?" என்று கேட்டால்தான் விலை தெரியும்.

மார்ச் 13, அதன் பிறகு

சந்தை திறந்தது. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் ராபின்சனுக்கு ஐந்து வருடம், 3.25 கோடி டாலர் என்று நீட்டியது. உறுதித்தொகை ஏறத்தாழ 1.4 கோடி என்று செய்தி வந்தது. டல்லாஸ் போட்டி போடவில்லை.

இதைப் புத்திசாலித்தனம் என்று மட்டும் எழுதிவிட முடியுமா? மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தன. ஒன்று, முந்தின நாள் விழுந்த 1 கோடி அபராதம். அதில் பாதி அந்த வருடக் கணக்கிலேயே போனது. இரண்டு, நாற்காலி காலி இல்லை. ஆஸ்டின் நீண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறார், பிரையன்ட் வளர்ந்து வருகிறார். ராபின்சனை வைத்துக்கொண்டால் மூன்றாம் ரிசீவருக்கு முதல் ரிசீவர் சம்பளம். மூன்று, அணிக்கு வேறு ஓட்டை இருந்தது. 2011-ல் 8 வெற்றி, 8 தோல்வி. கடைசி ஆட்டத்தில் ஜெயன்ட்ஸிடம் 31–14 என்று தோற்றுத்தான் பிளே-ஆஃபைக் கோட்டைவிட்டார்கள். அடி வாங்கியது பின்வரிசைத் தடுப்பு. எனவே அதே வாரத்தில் கன்சாஸ் சிட்டியின் கார்னர்பேக் பிராண்டன் காரை ஐந்து வருடம், 5 கோடி டாலருக்கு வாங்கினார்கள்.

கவனியுங்கள், பணம் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. காருக்குக் கொடுக்க இருந்ததே. ஆனால் அபராதமும் ஆஸ்டினின் நாற்காலியும் இல்லாமல் இருந்திருந்தால் ராபின்சனையும் சேர்த்து வாங்கியிருக்க மாட்டார்கள் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. முதல் மாற்று ஆட்டக்காரருக்குக் கொடுத்த பணம்தான் இரண்டாமவருக்கான இடத்தையும் வரம்பையும் முன்கூட்டியே தின்றுவிட்டிருந்தது. இரண்டில் முதலில் பூத்தவருக்கு மாலை விழுந்தது. பின்னால் பூத்தவருக்கு மாலையில் நூல் மிச்சமில்லை.

முடிவுகளின் முடிவு

ஜாக்சன்வில்லில் ராபின்சனைச் சுற்றி பிரையன்ட் இல்லை, விட்டன் இல்லை, ரோமோ இல்லை. 2011-ல் லீகிலேயே மிகக் குறைந்த பாஸிங் யார்டு எடுத்த அணி அது. அதோடு, 2012-ல் ராபின்சனுக்குத் தலையில் மறுபடி மறுபடி அடி. நாலு கன்கஷன். 7 ஆட்டம், 24 கேட்ச், 252 யார்டு, டச்டவுன் ஒன்றுகூட இல்லை. நவம்பரில் காயப் பட்டியலில் போட்டார்கள், 2013 மார்ச்சில் விடுவித்தார்கள். அதற்குப் பிறகு அவர் லீகில் ஆடவே இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அதே 2012-ல் ஜாக்சன்வில்லின் சொந்த பெஞ்சிலிருந்தே ஒருவர் எழுந்தார். செசில் ஷார்ட்ஸ், முந்தின வருடம் நாலாம் சுற்றில் எடுத்த பையன். 55 கேட்ச், 979 யார்டு, 7 டச்டவுன். அடுத்த வீட்டு மாற்று ஆட்டக்காரருக்கு 3.25 கோடி கொடுத்தவர்கள் வீட்டிலேயே ஒருவர் சல்லிசாக உட்கார்ந்திருந்தார்.

டல்லாஸில் என்ன ஆச்சு? மூன்றாம் ரிசீவர் இடத்துக்குக் கெவின் ஓகல்ட்ரீ வந்தார். 2012 செப்டம்பர் 5, சீசனின் முதல் ஆட்டம், ஜெயன்ட்ஸுக்கு எதிராக 8 கேட்ச், 114 யார்டு, 2 டச்டவுன். "பாத்தீங்களா, இன்னொரு ராபின்சன்!" என்று ஊரே பேசியது. சீசன் முடிவில் அவர் கணக்கு 436 யார்டு, 4 டச்டவுன். அதாவது டச்டவுனில் பாதி அந்த ஒரு ராத்திரியிலேயே முடிந்துவிட்டது. அடுத்த வருடம் அவரையும் போகவிட்டு, மூன்றாம் சுற்றில் டெரன்ஸ் வில்லியம்ஸை எடுத்தார்கள். புதியவர், சொற்ப சம்பளம், முதல் வருடமே 736 யார்டு. அந்த மூன்றாம் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கொஞ்சம் வெளிச்சம் படத்தான் செய்தது.

ஆஸ்டின்? 2012-ல் 943 யார்டு என்று மீண்டார். 2013-ல் ஹாம்ஸ்ட்ரிங் மறுபடி படுத்தியது. 24 கேட்ச், 244 யார்டு, டச்டவுன் இல்லை. 2014 மார்ச்சில் டல்லாஸ் அவரை விடுவித்தது. அவர் போன பிறகும் அவர் பெயரில் கணக்கு வரம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

வெல்கர்: எதிர்த் திசையில் ஒரு சாட்சி

இதையெல்லாம் படித்துவிட்டு "மாற்று ஆட்டக்காரருக்குக் காசே கொடுக்கக் கூடாது" என்று முடிவுக்கு வந்தால் அது வேறு ஒரு பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளும். அதற்கு ஒரு உதாரணம் போதும்: வெஸ் வெல்கர்.

இவரையும் 2004 டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. மயாமியில் பந்தைத் திருப்பி எடுத்து ஓடுகிற ஆளாக இருந்து, 2006-ல் 67 கேட்ச், 687 யார்டு. டச்டவுன் ஒன்றே ஒன்று. மயாமி அவருக்கு இரண்டாம் சுற்று டெண்டர் போட்டது. நியூ இங்கிலாந்து வந்து இரண்டாம் சுற்று, ஏழாம் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து 2007 மார்ச்சில் தூக்கிக்கொண்டு போனது. அந்த வருடமே அங்கே 112 கேட்ச். ஆறு சீசனில் 672. மயாமி அதே 2007-ல் ஒரு வெற்றி, 15 தோல்வி.

ராபின்சனுக்கும் வெல்கருக்கும் என்ன வித்தியாசம்? வெல்கரின் 2006-ல் மினுக்கும் எண் எதுவுமே இல்லை. தப்பி விழுந்த டச்டவுன்களால் அந்த சீசன் வீங்கவில்லை. நெருக்கத்தில் சட்டென்று திரும்பி, காலி இடம் இல்லாத இடத்தில் தானே ஒரு அடி இடம் உண்டாக்குவது அவர் வேலை. மயாமியின் அந்த வருடத்து சுமாரான குவார்ட்டர்பேக்குகளை வைத்துக்கொண்டே 67 கேட்ச் பிடித்தார். அந்தத் திறமை அவர் காலில் இருந்தது, காலோடு கூடவே பாஸ்டனுக்குப் போனது. நியூ இங்கிலாந்து விலை கொடுத்ததும் அதற்குத்தான்.

ஆனால் இதையும் பின்னோக்கிப் பார்த்துச் சொல்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. 2010-ல் ஆஸ்டினைப் பார்த்தவர்களுக்கு அவரிடமும் பெட்டியில் ஏறுகிற திறமைதான் தெரிந்தது. தெரிந்தது சரியும்கூட. தொடைத் தசை எப்போது கிழியும் என்பது எந்த ஸ்கவுட்டின் அறிக்கையிலும் வராது. ராபின்சன் விஷயத்தில் உடம்பு முன்பே பலமுறை எச்சரித்திருந்தது. ஆஸ்டின் விஷயத்தில் அந்த அளவுக்கு எச்சரிக்கை இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "டல்லாஸ் ஒரு தடவை ஏமாந்து பாடம் கற்றுக்கொண்டது" என்று எழுதுவது, நடந்ததை நீதிக்கதை ஆக்குவது.

யாருடைய கணக்கு?

இதுவரை அணிகளின் கணக்கைத்தான் பார்த்தோம். இந்த மாதிரி அலசல்களில் வீரரின் கணக்கு பெரும்பாலும் விட்டுப்போகிறது.

2012 மார்ச்சில் ராபின்சனுக்கு வயது 26. நாலு அணி பார்த்துவிட்டார். ஒரே வருடத்தில் இரண்டு தடவை வெளியே அனுப்பப்பட்டவர். 11 டச்டவுன் மறுபடி வராது என்பது நமக்கே தெரிந்தால், தன் உடம்பை நமக்கு மேல் தெரிந்த அவருக்குத் தெரிந்திருக்காதா? அந்த ஒரு சீசன்தான் அவர் கையில் இருந்த ஒரே சரக்கு. அதற்கு விலை இருந்த ஒரே வாரம் அது. அதிகம் கொடுத்தவரிடம் விற்றார். டல்லாஸிலேயே இருந்திருந்தால் எண்கள் நன்றாக வந்திருக்கலாம், அல்லது அதே அடி தலையில் அங்கேயும் விழுந்திருக்கலாம். உறுதித்தொகை இல்லாமல் விழுந்திருந்தால்?

"ஜாக்சன்வில் ஏமாந்தது" என்று சொல்லும்போது அந்த ஏமாற்றத்தின் மறுபக்கம் நாலு கன்கஷன் வாங்கிய ஒரு மனிதர் இருக்கிறார். தசைக் கிழிசல் ஆறும். தலையில் வாங்கிய அடியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அணிகளுக்கு அது வரம்புக் கணக்கில் ஒரு வரி. அடுத்த மார்ச்சில் புதுக் கணக்கு தொடங்கிவிடும், புதுசாக ஒரு பெஞ்ச் பையன் வருவான், "வச்சுக்கலாமா, விட்டுடலாமா" என்று மறுபடி அதே கேள்வி.

டல்லாஸ் விட்டது சரி. ராபின்சன் போனதும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். மார்ச் 2012-ல் தப்பாகக் கணக்குப் போட்டது ஜாக்சன்வில் மட்டும்தான். அதுவும் ஆளைப் பற்றி இல்லை. அவரைச் சுற்றி யார் யார் நின்றார்கள் என்பதைத்தான் அவர்கள் எண்ண மறந்தார்கள்.